ஊமையான வெள்ளைக் கல்

உளி தீட்டும் கிரைண்டருக்குக் கல் வாங்க இரத்தினபுரிக்குப் போனபோது அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர், என் மச்சான், அந்தக் கிரைண்டரில்தான் செத்தார். தெரணியகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதில் லேத் போட்டுக் கட்டில் கால், நாற்காலிக் கால் கடைந்தோம். அவர் கடைவார். நான் மரம் அறுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் உளி தீட்டும்போது கல் வெடித்தது. ஒரு துண்டு அவர் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கல்லை மாட்ட எடுத்துக் கொடுத்தது நான். கொடுக்கும்போது மேசை விளிம்பில் பட்டது. டொக் என்றது. விரிசல் விட்ட மண்சட்டியின் சத்தம். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாட்டினார்.

அதற்குப் பிறகு கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டோம். கடைசலை நானே பழகிக்கொண்டேன். உளிகளை டவுனில் கொடுத்துத் தீட்டினேன். அவர்கள் இரும்புக்கு வைத்திருந்த சாம்பல் நிறக் கல்லில் போட்டு முனையை நீலமாக எரித்துவிட்டார்கள். ஒரு கால் கடைவதற்குள் மழுங்கியது. வேலை கொடுத்தவர்கள் வேறு ஆள் தேடினார்கள். எனக்கும் அக்காவுக்கும் அந்த லேத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

கடைக்காரர் முஸ்லிம், வயதானவர்; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சாம்பல் கல்தான் காலத்துக்கும் தேயாது என்றார். தேயாத கல்தான் உளியை எரிக்குது நானா, வெள்ளை கொடுங்க என்றேன். வெள்ளைக் கல் தீட்டத் தீட்ட உதிரும். அதனால் சூடு ஏறாது. மணல் பருமன் எண்பதாம் நம்பரில் மூன்று கல் எடுத்து வைத்தார். கல் எவ்வளவு வேகம் தாங்கும் என்று காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது. எங்கள் மோட்டாரின் வேகத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கல்லில் இருந்த எண்தான் பெரிது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு நடு ஓட்டையில் விரலை விட்டு ஒவ்வொரு கல்லாகத் தொங்கவிட்டு, கொண்டுபோயிருந்த உளியின் மரப்பிடியால் தட்டினேன்.

"என்ன பாஸ், தேங்காயா வாங்க வந்தீங்க?" என்று நானா சிரித்தார்.

முதல் இரண்டும் சுமார். மூன்றாவது கோயில் மணி மாதிரி அடித்தது. நிற்கவே இல்லை. நானாவின் சிரிப்பு போய்விட்டது. இதைச் சீக்கிரம் கொண்டு போங்க என்றார்.

வந்து அக்காவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் ஆயுத பூசை. வேலை இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் மாட்டுவதற்கு முன் ஒரு தரம் தட்டினேன்.

டொக்.

அதே சத்தம். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை. திரும்பவும் தட்டினேன். டொக். நிமிர்ந்தால் வாசலில் அக்கா.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்குத் தேத்தண்ணி கொண்டாந்தேன். இங்கதான் நின்னேன். கேட்டுச்சு."

அவள் என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

"மூணு பேருக்குந்தான் கேட்டுச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

கல்லைக் கீழே வைத்தேன். அப்போதுதான் ஓட்டை ஓரத்தில் மஞ்சள் கறையைப் பார்த்தேன். என்ன செய்தாய் என்று கேட்டேன். புதுசாச்சே, பூசைக்கு மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினேன் என்றாள். வாளியில் ஊறப் போட்டிருக்கிறாள். பிறகு மச்சான் படத்துக்கு முன்னால் நிறுத்திப் பொட்டு வைத்திருக்கிறாள். கல் தண்ணீர் குடிக்கும்; ஈரம் இருந்தால் மணி அடிக்காது. குடித்த தண்ணீர் அடிப்பக்கம் இறங்கிவிடும். அப்படியே மாட்டியிருந்தால் ஒரு பக்கம் கனத்து ஆடியிருக்கும். தட்டாமல் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை.

காய்வதற்காகச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். தினமும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். தினமும் தட்டினேன். டொக். மழை விடவில்லை.

எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. பகல். பலாக் கட்டை ஒன்றைத் தோளில் போட்டு ஏறி வந்தேன். அக்கா கீழே, மலைத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்துதான் வந்தேன். கட்டடத்தின் சாவி என் இடுப்பில். உள்ளே மணி அடித்தது. நீளமாக.

கட்டையை இறக்கிவிட்டுத் திறந்தேன். யாரும் இல்லை. ஆணியில் கல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எலியாக இருக்கலாம். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து தட்டினேன். கடையில் அடித்த அதே மணி.

அன்றே மாட்டினேன். இரண்டு பக்கமும் காகித வட்டம் வைத்து, நட்டை அளவாக முடுக்கினேன். மச்சான் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருந்த இரும்பு மூடியைத் தேடி எடுத்துப் பூட்டினேன். பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் தீட்டாமல் ரொம்ப நேரம் ஓடவிட்டேன். ஆடவில்லை. அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு உளியை வைத்தேன். முனை நீலமாகவில்லை.

"நேரா நிக்க மாட்டியா?" என்றாள்.

கல் சுற்றத் தொடங்கும்போது அதற்கு நேரே நிற்கக் கூடாது என்றேன். அவள் கல்லுக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தையே பார்த்தாள்.

"அவருக்கு எடம் விட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

வேலை திரும்ப வந்துவிட்டது. தினமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறேன். அக்கா கட்டடம் முழுக்கக் கூட்டுகிறாள். அந்த இடத்தில் மட்டும் துடைப்பம் போடுவதில்லை; நானும் அங்கே கால் வைப்பதில்லை. கல்லின் வெள்ளைத் தூள் அங்கே விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. நடுவில் இரண்டு பாத அளவுக்கு மட்டும் படிவதில்லை.