காக்கிப் பக்கம்

பூவேலை செய்த முந்தானையைப் பிடித்து இழுத்துத் திருப்பியே விட்டார். பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, பெண்ணாடம் பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முந்தானையை! "கோவிச்சிக்காத கண்ணு, உள்பக்கம் பாத்தாதான் தைச்ச கை தெரியும்" என்று சிரிக்க, அவள்தான் என்ன செய்வாள், அவளும் சிரித்துவிட்டாள். பெரியநாயகி அக்காவோடு வெளியே கிளம்பினால் இந்த மானக்கேடு நமக்கு உண்டு.

விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கே ரவிக்கை தைப்பவர் அக்காதான். வாயும் ஓயாது, கையும் ஓயாது. தையல் மிஷின் மேல் ஒரு தூசி இருந்துவிடக் கூடாது. பேச்சுக்கு நடுவிலேயே மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். வேர்க்கடலைத் தோலை அதன் மேல் வைத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

ரவிக்கை வெட்டியதில் மிஞ்சும் பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது அக்காவின் ஆசை. போன வருஷம் முழுக்க ஒன்றோடு மல்லுக்கட்டினார். மேல்பக்கம் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் அரக்குமாய் ஜொலித்தது. அடிப்பக்கத்துக்குத் துணி போதவில்லை. பீரோவைக் குடைந்து, வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டைகளை எடுத்து வெட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் அர்ச்சுனன் அண்ணன், பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். முதுகில் அடிபட்டு வேலையை விட்டதிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. "நான் இனிமே இன்னாத்துக்கு ஆவப்போறேன்" என்பதுதான் எப்போதும் பேச்சு. புதுச்சேரியில் ஒட்டுப்போர்வைக் கண்காட்சி என்று நான் சொல்லி, அக்கா போர்வையை மடித்து அனுப்பியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த அழுக்குச் சட்டைங்கள யாருக்கும் காட்டாத நாயகி. கூலிக்காரன் சட்டைன்னு சிரிப்பாங்க."

"அது சுவத்துப் பக்கம் போயிடும்ங்க. சத்தியமா யாரும் பாக்கமாட்டாங்க."

கண்காட்சி அன்று நானும் கூடப் போனேன். 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தால் அக்காவுக்கு என்ன? ஒவ்வொரு போர்வையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மழை பெய்கிற மாதிரி சாய்வாய்த் தையல் ஓட்டிய போர்வை ஒன்றின் முன்னால் நின்று, காற்றிலேயே விரலால் தைத்துப் பார்த்தார். "யம்மாடி, இப்டியும் ஓட்டலாமா! வூட்டுக்குப் போயி ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்" என்றவர், அடுத்த சுவருக்குத் திரும்பியதும் நின்றுவிட்டார்.

அங்கே அக்காவின் போர்வை. பட்டு சுவரைப் பார்த்தபடி, காக்கி ஊரைப் பார்த்தபடி. ஓரத்தில் முதல் பரிசு என்று நாடா குத்தியிருந்தது.

"அய்யய்யோ, அவருக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்தேனே!" பொறுப்பாளர் பானுமதி அம்மாவிடம் ஓடினார். "திருப்பி மாட்டுங்கம்மா. பரிசு வேணாம், நீங்களே வெச்சிக்குங்க."

"நாங்க பட்டு தெரியத்தாம்மா மாட்டுனோம். நடுவருங்கதான் திருப்பிப் பாத்துட்டு, இந்தப் பக்கமே இருக்கட்டும்னு சொன்னாங்க. வேணாம்னா இப்பவே மாத்திடறோம். பரிசு எப்டியும் உங்களுதுதான்."

நடுவர்களும் நம் அக்கா ரகம்தான் போலிருக்கிறது.

திருப்பி மாட்ட ஓர் ஆள் வந்து கொக்கியில் கை வைத்தார். அக்கா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். வீட்டில் பின்னால் நகர ஏது இடம், தரையில் விரித்துக் குனிந்து தைத்ததுதானே. வெளுத்துப்போன காக்கியில், சட்டைப்பை இருந்த இடமெல்லாம் வெளுக்காத கரும் சதுரங்கள். எத்தனை துவைத்தும் போகாத வெள்ளைக் களிமண் கறை, சூளை நெருப்பு பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். ஒரு கல்லூரிப் பெண் ஒவ்வொரு ஓட்டையாகக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரரே நிக்கிறாப்ல இருக்குதே" என்றார் அக்கா. பிறகு அந்த ஆளிடம், "வுட்டுடுப்பா. இப்டியே இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் எதற்கு, நானும்தான்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா யார் முந்தானையையும் திருப்பிப் பார்க்கவில்லை. பரிசுக் கேடயம் மடியில் கிடக்க, கொடுத்த வார்த்தையை மீறிவிட்டோமே என்ற பயம் முகத்தில் அப்பிக்கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"எல்லாரும் பாத்துட்டாங்கங்க. நான்தான் அப்டியே இருக்கட்டும்னேன்."

அண்ணன் நிமிரவில்லை. "சிரிச்சாங்களா?"

"இல்லங்க. ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ரவிக்கை வாங்கப் போனேன். மிஷினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு காக்கிச் சட்டை. கடைசியாக வேலைக்குப் போட்டுப் போனது, அக்காவிடம்கூடக் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தது. பிளேடால் அதன் பையைப் பிரித்துக்கொண்டே, "அடுத்தது தைப்ப இல்ல?" என்றார்.

பை மூலையிலிருந்து காய்ந்த களிமண் பொலபொலவென்று மிஷின் மேல் வெள்ளையாய்க் கொட்டியது. அக்காவின் கையில் மஞ்சள் துணி இருந்தது. அதை மெல்ல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.