மயில்துத்தம் போட்ட தொட்டி

ஓசூரில் ஆளாளுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், நசருல்லாவுக்குக் கிடைத்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. நீச்சல் குளம் என்று முதலாளி மூர்த்தி சொல்வார். பாகலூர் ரோட்டில் அவருடைய பங்களாவுக்குப் பின்னால் நீல ஓடு பதித்துக் கட்டியது. எங்களுக்கு அது தொட்டிதான். மாடு குடிக்காத தொட்டி, துணி துவைக்காத தொட்டி, முதலாளியும் இறங்காத தொட்டி. அவருக்கு நீச்சல் தெரியாது. பெங்களூரில் யாரோ சிநேகிதர் கட்டினார் என்று இவரும் கட்டிவிட்டார்.

நான் அந்த வீட்டு டிரைவர் திம்மராயன். அடுத்தவர் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம் என்று என் சம்சாரம் சொல்வாள். உண்மைதான், மறுக்கவில்லை.

நசருல்லா தேன்கனிக்கோட்டைக்காரர். ஓசூரில் ஒரு பூச்சி மருந்துக் கடையில் பதினேழு வருஷம் இருந்தவர். திராட்சைத் தோட்டக்காரர்கள் வாடிய இலையைக் கொண்டுவந்து நீட்டினால், டாக்டர் மாதிரி திருப்பிப் பார்த்துவிட்டு மருந்து கட்டிக் கொடுப்பார். பெரும்பாலும் மயில்துத்தம்தான், அந்த நீலக் கல் உப்பு. பூஞ்சையோ பாசியோ, அதற்கு அடங்காதது உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. கடையை மூடியதும் தொட்டிக்கு வந்து சேர்ந்தார். பங்களாவின் பின்கட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். மனைவி சுக்ரா அங்கே பாத்திரம் தேய்த்தாள்.

முதல் வருஷம் பாசி அவரைப் படாத பாடு படுத்தியது. உச்சி வெயிலில் பிளீச்சிங் பவுடரை அள்ளி வீசுவார். சாயங்காலத்துக்குள் வெயில் அதன் வீரியத்தைக் குடித்துவிடும், அடியில் சுண்ணாம்பு மட்டும் தங்கும். அப்புறம்தான் பிடிபட்டது. முதலில் மார்பளவு தண்ணீரில் இறங்கிச் சுவரைத் தேய்க்க வேண்டும், ஏணிக்குப் பின்னால் இருக்கும் மூலையை இரண்டு தடவை. பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, பொழுது சாய்ந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி மோட்டாரை ஓடவிட வேண்டும். ரோஜாப் பூ போட்ட ஒரு பீங்கான் சாசரை ஆழமான பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். கரையில் நின்று பூவின் ஐந்து இதழையும் எண்ண முடிந்தால் தண்ணீர் சரி. நான்குதான் தெரிந்தால் அன்றைக்கு அவர் டீ குடிக்கமாட்டார்.

இவ்வளவும் ஏன்? முதலாளியின் தொழிற்சாலையில் பெர்மனென்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான். சுக்ராவின் அண்ணன் மெஹபூப் பாஷா ஒரு கம்பெனியில் பெர்மனென்ட். அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் யூனிஃபார்மிலேயே வருவார். வந்து, எலும்பைக் கடித்துக்கொண்டே, "மச்சான், இன்னும் தொட்டிதானா?" என்பார். நசருல்லாவுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "மெஷின் மாட்ட ஜெர்மன் இன்ஜினியர் வர்றாரு. சம்சாரமும் வருது. பதினஞ்சு நாள் நம்ம பங்களாவுலதான். அந்தம்மா தினம் நீந்துமாம். தொட்டி சுத்தமா இருந்தா தை மாசம் உன்னைப் பெர்மனென்ட் பண்றேன். பாசி கண்ணுல பட்டுதோ, நீ வேற எடம் பாத்துக்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து நான்கு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றது. ஐந்தாம் நாள் பார்த்தால் தொட்டி கொத்தமல்லிச் சட்னியாக இருந்தது. இதழை விடுங்கள், சாசரையே காணோம். தவளை ஒன்று குடும்பத்தோடு குடியேறியிருந்தது. விருந்தாளிகள் வர மூன்று நாள்.

"திம்மராயா, வண்டியெடு. மருந்துக் கடைக்குப் போலாம்" என்றார் நசருல்லா.

"பாய், தொட்டிக்கு மயில்துத்தம் எவ்ளோ போடணும்னு தெரியுமா?"

"கொடிக்குக் கலக்கற கணக்குத் தெரியும். தொட்டி இன்னா, படுத்துக்கினு கெடக்கற தோட்டம்தானே?"

அந்தத் தோட்டத்துக் கணக்கைத்தான் தொட்டிக்குப் போட்டார். அதற்கு மேல் கைராசி என்று இரண்டு பிடி வேறு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் வாய் இருந்தது, கூடவே வேலையும் இருந்ததே.

மூன்றாம் நாள் பாசி செத்து அடியில் படிந்தது. பெருக்கி எடுத்து மோட்டாரை ஓடவிட்டார். ஐந்து இதழ் தெரிந்தது. பூவின் காம்பு கூடத் தெரிந்தது. தண்ணீர் அப்படியொரு நீலம். முதலாளி சொக்கிப்போய், "எப்படிப்பா?" என்றார். "தேய்ச்சேன் சார்" என்றார் நசருல்லா, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

வந்து இறங்கிய இன்ஜினியர் சம்சாரம் ஹெல்கா அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வைக்கோலைக் கழுவி உலர்த்தினாற்போல் தலைமுடி. ஐப்பசிக் குளிரில் ஓசூர்க்காரன் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்க, அந்தம்மா காலையில் முக்கால் மணி நேரம் நீந்தும். நான்காம் நாள் துவட்டிக்கொண்டு உள்ளே போனது, ஒரு அலறலோடு வெளியே வந்தது. தலைமுடி பச்சை. இளம் பச்சை, நாற்று விட்ட நிறம்.

முதலாளி ஓடி வந்தார். "என்னப்பா இது? பாசியை எல்லாம் அந்தம்மா தலைல ஏத்திட்டியே!"

நசருல்லாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "சார், என் தொட்டில பாசின்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்களே வந்து எண்ணுங்க, அஞ்சு இதழ்!" என்று கரைக்கு இழுத்தார். முதலாளி எண்ணவில்லை. "நாளைக்கே ரூமைக் காலி பண்ணு" என்று மட்டும் சொன்னார். நசருல்லா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத் தேய்ப்பும் போச்சு. நான் மெல்ல வண்டிப் பக்கம் நகர்ந்தேன். மருந்து வந்தது என் வண்டியில் அல்லவா?

சுக்ரா பாத்திரம் தேய்த்த சாம்பல் கையோடு வந்து நின்றாள். ஹெல்காவின் தலையைப் பார்த்தாள். பிறகு புருஷனின் தாடியைப் பார்த்தாள். அவர் தாடி நரைத்து வெளுத்திருந்தது. ரம்ஜானுக்கு மருதாணி போட்டால்தான் உண்டு. தினம் மார்பளவு தண்ணீரில் நின்று தேய்த்ததில் அதன் நுனி நனைந்திருக்கிறது. அதுவும் பச்சை! நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. பாயின் தாடியை யார் தினம் உற்றுப் பார்க்கிறார்கள்?

"ஏங்க, தண்ணில இன்னா போட்டீங்க?"

அவர் தாடியைக் கையால் மூடிக்கொண்டார். அவள் விடவில்லை. "இது பாசியில்லைங்க சார். செம்புக் குண்டானைத் தேய்க்காம வெச்சா களிம்பு புடிக்குமே, அந்தப் பச்சை. தினம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா? புளி போட்டா போயிடும்."

"அவங்க தலைல புளியா?" என்று முதலாளி பதறினார்.

"மொதல்ல இவரு தாடில பாத்துக்கலாம்."

அந்தக் காட்சிக்காகவே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். ஓசூரின் பெரிய முதலாளி, ஜெர்மன் இன்ஜினியர், பச்சைத் தலையோடு அவர் மனைவி, சமையல்காரம்மா, நான், எல்லோரும் சுற்றி நிற்க, சுக்ரா புளியைக் கரைத்து நசருல்லாவின் தாடியில் அப்பி, குண்டான் தேய்க்கிற தேய்ப்பாகத் தேய்த்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுவினால் தாடி வெள்ளை! ஹெல்கா கை தட்டிவிட்டு, தானே தலையைக் குனிந்து கொடுத்தது. அன்றைக்கு ஒரு தேய்ப்பு, மறுநாள் ஒன்று. பழைய வைக்கோல் நிறம் வந்துவிட்டது.

நசருல்லா கையைக் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். "நான்தான் சார் மயில்துத்தம் போட்டேன். அதுவும் செம்பு உப்புதான். அளவு தெரியாமப் போட்டுட்டேன். திம்மராயனுக்கு ஒண்ணும் தெரியாது." கடைசி வாக்கியம் பொய். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை அவருக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன்.

ஹெல்கா விழுந்து விழுந்து சிரித்ததால் அறை காலியாகவில்லை. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு போர்வெல்லிலிருந்து புதிதாக நிரப்பினோம். அதன் பிறகு அவர் மயில்துத்தத்தின் பேரைக்கூடச் சொன்னதில்லை.

தை மாதம் முதலாளி ஒரு கவரை நீட்டினார். நசருல்லா இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்தார். பெர்மனென்ட் ஆர்டர்தான். பெயர் மட்டும் சுக்ரா.

"முலாம் பூசற பிளேட்டிங் செக்ஷன்ல செம்புக் கறையைக் கண்டுபுடிக்க எனக்கு ஆள் இல்ல. உன் சம்சாரம் பார்த்த உடனே சொல்லிட்டாங்க" என்றார் முதலாளி.

நசருல்லா அந்தத் தாளைப் பிடித்தபடி தொட்டிக் கரையில் வெகுநேரம் நின்றார். சாசரைப் பார்த்தார், எண்ணினாரா என்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பார்க்க மனசு வரவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு காரைத் துடைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஹபூப் பாஷா யூனிஃபார்மில் வந்தார். அன்றைக்கு எனக்கும் சாப்பாடு அங்கேதான். சுக்ரா புடவைக்கு மேல் தொழிற்சாலையின் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாமல் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பரிமாறியது நசருல்லா. தாடியில் புது மருதாணி.

மெஹபூப் பாஷா தங்கச்சி போட்டிருந்த நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்களுக்கு எப்போ?" என்றார்.

நசருல்லா பெரிய துண்டாகப் பார்த்து சுக்ராவின் தட்டில் வைத்தார். "வூட்டுக்கு ஒரு யூனிஃபார்ம் போதும் மச்சான். இஸ்திரி போட ஆள் வேணாமா?"