நிரை இல்லாத அயன்கள்

என் தம்பி ஜீவராஜ் கெம்பஸில் என்ன படிக்கிறான் என்று டிக்கோயா பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். டொக்டரா, இஞ்சினியரா என்பார்கள். இரண்டும் இல்லை, உப்புத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறான் என்றால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். ஆனால் அவனைப் படிக்க வைக்கிறவளும் நான்தான். அதனால் புரியாததைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு.

அவன் சொன்னது இவ்வளவுதான். பல்பகுதியம் என்று ஒரு நீளமான சங்கிலி. அதன் உடம்பெல்லாம் மறை மின்னேற்றம். தண்ணீரில் அதைச் சுற்றி நேர் மின்னேற்றமுள்ள சின்னச் சின்ன அயன்கள், உப்பின் துணுக்குகள். சங்கிலி அவற்றை இழுக்கிறது, அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன, தண்ணீரோ எல்லாவற்றையும் உலுக்கிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் எத்தனை அயன் சங்கிலியோடு ஒட்டி நிற்கும், எத்தனை விலகிப்போகும்? கண்ணால் பார்க்க முடியாதாம். அதனால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்த் தண்ணீர் செய்து, அயன்களை லட்சக்கணக்கான தடவை நகர்த்தி எண்ணுகிறான். பொய்த் தண்ணீரை எண்ணி என்ன கிடைக்கும் என்று கேட்டேன். தேத்தண்ணி கேட்டான்.

போன மாதம் லயத்து வீட்டுக்கு வந்தபோது அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. பாதிக்கு மேல் ஒட்டி நிற்க வேண்டுமாம். இவனுக்கு நூறில் ஒன்றோ இரண்டோதான் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால், மேற்படிப்புக்கு அவனுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று அவனுக்குப் படிப்பிக்கிற மேடம் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டில் ரைஸ் குக்கர் போட்டால் எங்களுக்குக் கரண்ட் போகும். அதற்காக அவர்கள் மேல் எரிந்து விழுந்தான். எனக்கு அவன் மேல் கோபம், கோபத்தைவிடப் பயம். உப்புக்காக ஒரு வீடே ஏன் பயப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

புதன்கிழமை போயா, பௌர்ணமி லீவு, வேலை இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு அயனுக்கும் ஒரு நம்பர். சங்கிலியிலும் அப்படியே இடத்துக்கு இடம் நம்பர். பதினேழாம் அயன் நாற்பதாம் இடத்தில் நின்றது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டேன். அதன் இடம் பதினேழு, அங்கே அது இல்லை, அதனால் ஒட்டி நிற்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணவில்லை என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேயிலை மலையில் எங்களுக்குக் காலையிலேயே ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி, பிரித்துக் கொடுப்பார்கள். அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டைதான். பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் மலைக்கு வந்து எங்கள் பின்னால் திரிந்து அதையெல்லாம் பார்த்தவன் இவன்.

“அதுகளுக்கும் நெரை போட்டுக் குடுத்திருக்கியா? யாருடா கங்காணி?”

அவன் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். பிறகு மளமளவென்று எதையோ அழித்தான், எழுதினான். அரை மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டான். கடைசியில் எழுபத்து மூன்று என்றான். நூறில் எழுபத்து மூன்று ஒட்டி நிற்கின்றன, இதுதான் வர வேண்டியது என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நான் என்ன செய்தேன் என்று தெரியாமலே எனக்கும் கண் கலங்கியது. விளங்கும்படி சொல் என்றேன்.

“அயனுக்கு நெரையே கெடையாதுக்கா. ஒன்னு போனா இன்னொன்னு வந்து நிக்கும். யாரு நிக்கிறாங்கங்கிறது முக்கியமில்ல. எத்தன பேரு நிக்கிறாங்க, அவ்வளவுதான் கணக்கு.”

சந்தோஷமாகத்தான் சொன்னான். அவன் இடம் போகாது, அது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். அம்மாவைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவின் நிரையை எனக்குக் கொடுத்தார்கள். ஆள் குறையவில்லை, கணக்குச் சரி என்று கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்போது இவனுக்கு ஆறு வயது.

“யாருங்கிறது முக்கியமில்லன்னது அயனுக்கு மட்டுந்தானே?” என்று கேட்டேன்.

அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மேடத்துக்குப் போன் எடுக்க வெளியே போனான்.