டாக்டர் அனுமதித்த ஒயின்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து என் மனைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எதைத் தின்றாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்பாள். ஒரு நாள் கைபேசியில் யாரோ சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்தப் பொம்பள செவப்பு ஒயின் ஊத்துதால்லா, அதுல ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும் போல இருக்கு" என்றாள்.

முப்பது வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் பாட்டில் நுழைந்ததில்லை. திருநெல்வேலி டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஊறுகாயைக்கூடத் தொடக் கூடாது என்று கறாராக இருந்த மனிதர். திட்ட மாட்டாரா என்று ஏங்கினேன். "என்ன கேட்டாலும் குடுங்க" என்றார். தென்காசி வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் மேலகரம் தாண்டியிருந்த மதுக்கடையில் சீசன் கூட்டம். அருவியில் குளித்த ஈரத்துண்டோடு ஆட்கள் முண்டியடித்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து லேபிள்களைப் படித்தேன். ஓர் எழவும் விளங்கவில்லை. சரியான பாட்டிலை எடுத்துவிட்டால் அவள் பிழைத்துவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

"துவர்க்காதுல்லா? தொண்டைய எரிக்காதுல்லா?" என்று ஒரு பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.

"அது நாக்கப் பிடிக்கும் அண்ணாச்சி. இத எடுங்க. பழ வாசம் தூக்கலா இருக்கும், லேசா இனிக்கும். புதுசா குடிக்கவங்க இதத்தான் கேக்காவ" என்றார் கடைக்காரர்.

நான்காவது முறையும் அதையே கேட்டபோது, "ஏலே, பெருசு பொண்ணு பாக்க வந்திருக்குலே" என்றான் பின்னால் நின்றவன். கடையே சிரித்தது. அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

அவளுக்குக் குளிர்ச்சி ஆகாதே என்று பாட்டிலை வெந்நீரில் வைத்து, சூடுகாட்டி, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தாள்.

"நாவப்பழ வாசம் அடிக்கு" என்றாள். முகம் சுளிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"டாக்டர்ட்ட கேட்டீயளா?"

"கேக்காமலா? என்ன கேட்டாலும் குடுக்கச் சொல்லிட்டாவ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். எங்கள் பக்கம் டாக்டர் இப்படிச் சொன்னால் இனி அதிக நாள் இல்லை என்று வீடு முழுக்கத் தெரிந்துகொள்ளும். நோயாளியிடம் மட்டும் மூச்சு விட மாட்டோம். அவளுடைய அப்பாவைப் பற்றி டாக்டர் இப்படிச் சொன்னபோது, அதை அவரிடம் மறைத்தவர்களில் அவளும் ஒருத்தி. நான் பாவி, பெருமையாக அவளிடமே உளறிவிட்டேன்.

அவள் தம்ளரில் மிச்சமிருந்ததை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"துபாய்ல இருக்க நம்ம பயல எப்போ வரச் சொல்லப் போறீய?" என்று கேட்டாள்.