வாய்க்காலுக்காகத் தோற்ற காற்றாடி

எந்த வீட்டுக்குப் போனாலும் கிரிஜாக்கா முதலில் கேட்பது மொட்டைமாடிக்கு வழி. காபியெல்லாம் பிறகுதான். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் அவரைத் தேடினால், மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தெருவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை துக்க வீட்டிலும் ஏறிவிட்டார். இறங்கி வந்து, அழுதுகொண்டிருந்தவரிடம், "உங்க காம்பவுண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு முழம் போயிருக்கு, தெரியுமா?" என்று கேட்டாராம். ஹைதராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. சின்ன வயதிலிருந்து அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நான் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் ஒன்று பேகம்பேட்டில் இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரிக்கும் அலுவலகம். எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி முடித்த எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. படிப்பு முடிந்தால் என்ன செய்வதென்று தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. அக்காவுக்கோ அந்தக் கவலையே கிடையாது. மேலேயிருந்து எதையாவது காட்டினால் போதும்.

ஒரு டிசம்பரில், ஜீடிமெட்லாவைத் தாண்டி ஓர் ஏரிக்குக் கீழே இருந்த வயல்களை ஒருவர் பிளாட் போட வாங்கியிருந்தார். வரைபட வேலை எங்களிடம் வந்தது. அறுவடை முடிந்து நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, படத்தில் ஒரு வளைந்த கோட்டில் மட்டும் புல் பச்சையாக இருந்தது.

"தூர்ந்துபோன வாய்க்கால். அடியில வண்டல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு," என்றார் அக்கா. அதிலிருந்து மீன்முள் மாதிரி பிரிந்த மெல்லிய கோடுகள் பழைய வரப்புகளாம். ஏரிக்கரையில் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய, காகதீயர் காலத்துக் கல் மதகு ஒன்று இருந்தது. கோடு அந்த மதகில்தான் தொடங்குகிறது என்று காட்டிவிட்டால், வாய்க்காலும் அதே காலத்தது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே மதில் கட்டிய ஒரு முட்காடு. கோர்ட் கேஸில் கிடந்ததால் யாரையும் உள்ளே விடவில்லை.

எங்கள் மேலாளர் வெங்கட்ரமணன் சார் திரையை எட்டிப் பார்த்தார். "பைப் போடத் தோண்டின பள்ளமா இருக்கும்மா."

"பைப் போடறவன் இப்படி வளைச்சு வளைச்சா சார் போடுவான்?"

"ஹைதராபாத்ல போடுவான்."

நிலத்துக்காரர் நல்ல மாதிரி. பார்க்குக்கு எப்படியும் இடம் விட வேண்டும், வாய்க்கால் என்று காட்டினால் அதையே பார்க் ஆக்கிவிடுகிறேன் என்றார். ஆனால் சங்கராந்தி முடிந்த மறுநாள் மெஷின் வரும். நிலத்தை மட்டம் தட்டிவிட்டால் கோடும் போச்சு, வரப்பும் போச்சு. அந்த டிசம்பர் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

செயற்கைக்கோள் கடப்பது முற்பகலில். நிழல் குட்டையாக விழும். வரப்பின் மேடு தெரிய மாலைச் சாய்வெயில் வேண்டும். ட்ரோன் விடலாமென்றால் பக்கத்தில் விமானப்படைத் தளம். ட்ரோனோடு எங்களையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அப்போதுதான் அக்காவுக்கு வினய் நினைவுக்கு வந்தான்.

வினய் எங்கள் அடுத்த பிளாக். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். லாலாகுடா வானத்தில் அவன் அறுக்காத காற்றாடி கிடையாது, அவனுடையதை அறுத்தவனும் கிடையாது. தெருவில் அவனுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்தாடில கேமராவைக் கட்டறதா? கைக்கு அக்கா, எதுக்கு? அது காத்தாடியா, கூரியர் சர்வீஸா?" என்றான் ஹைதராபாத் உருது கலந்த தன் தமிழில்.

"சண்டை போடக் கூடாதுடா. ஒரே இடத்துல நிலைச்சு நிக்கணும், அவ்வளவுதான்."

"ஹவ், சரி அக்கா, சத்தியமா. சண்டை நக்கோ, வேணாம்."

குடைத்துணியில் ஆள் உயரத்துக்கு ஒன்று செய்தான். போகிப் பண்டிகை மாலை, நாங்கள் மூவரும் அந்த வயலில் நின்றோம். கேமரா சில விநாடிகளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே மேலே போயிற்று. வினய் நிஜமாகவே சமர்த்தாக நின்றான். அப்போது முட்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னச் சிவப்புக் காற்றாடி எழுந்தது.

"தாரிணி, அது என்னைப் பாத்துத் தலையாட்டுது," என்றான் வினய் என்னிடம்.

"காத்துல ஆடுது வினய்."

"இல்ல. எனக்குத் தெரியும்."

"டேய், வேணாம்," என்றார் அக்கா. அதற்குள் வினய்யின் இடுப்பு பின்னால் வளைந்து, கை நூலைச் சுண்டத் தொடங்கிவிட்டது. அது அவன் செய்ததா, அவன் கை செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய காற்றாடி, எருமை திரும்புவது போலத் திரும்பிச் சிவப்பின் மேல் பாய்ந்தது. சிவப்பு நழுவி, அடியில் புகுந்து, ஒரே இழுப்பு. எங்கள் நூல் தொய்ந்து விழுந்தது. காற்றாடியும் கேமராவும் மதிலைத் தாண்டி, முட்காட்டின் மேலே ஆடி ஆடிப் போய், ஏரிக்கரையில் இறங்கின.

மதிலைச் சுற்றி நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து எடுத்துவிட்டாள். பெயர் பிந்து. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், பண்டிகைக்கு ஊருக்கு வந்தவள். கையில் அந்தச் சிவப்புக் காற்றாடி.

"அறுத்தா எடுத்தவங்களுக்குத்தான். அது ரூல்," என்றாள் தெலுங்கில். "கேமரா தரேன். ஆனா தோத்துட்டேன்னு அவர் வாயால சொல்லணும்."

வினய் ஏரியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். அக்கா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வினய் முணுமுணுத்தான்: "ஹார் கயா."

"கேக்கல."

"ஹார் கயா!" கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

திரும்பும்போது ஆட்டோவில் அவன் அறுந்த நூலைச் சுற்றிக்கொண்டே வந்தான். பிறகு, "அக்கா, உனக்காகச் சொன்னேன். நீ எனக்காக ஒண்ணு சொல்லணும். கேமரா கனத்துலதான் அறுந்துச்சுன்னு, நம்ம தெருவுல எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்டா," என்று அக்கா அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார்.

அன்றிரவே படங்களைத் திறந்தோம். வயலில் வரப்புகளின் நிழல் வரிவரியாக விழுந்திருந்தது. அறுந்த பிறகு எடுத்த படங்களில்தான் அதிசயம். யாரும் போக முடியாத முட்காட்டுக்கு நடுவே, மரங்களின் இடைவெளியில் அந்தக் கோடு வளைந்து வளைந்து போய்க் கல் மதகைத் தொட்டது. வினய் சமர்த்தாக நின்றிருந்தால் அது கிடைத்திருக்காது. மறுநாள் காட்டியபோது வெங்கட்ரமணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். "பைப் இல்லம்மா," என்றார். மெஷின் அந்தக் கோட்டை விட்டுவிட்டு ஓடியது. ஒல்லியாக வளைந்து கிடக்கும் அந்த இடத்தைப் பிளாட் வாங்கியவர்கள் பாம்பு பார்க் என்று திட்டுகிறார்கள்.

ஆனால் அறுவதற்கு முந்தைய படங்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புக் காற்றாடி பெரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசிப் படத்தின் மூலையில் வினய், பின்னால் சாய்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறான்.

தன் அறிக்கையில் 'இடைக்கால வாய்க்காலாக இருக்கக்கூடும்' என்று எழுதியவர் அக்கா. இத்தனை கிடைத்த பிறகும் ஏன் 'கூடும்' என்று கேட்டேன். "மேலேருந்துதானே பாத்தோம். தோண்டிப் பாக்கலையே," என்றார். அப்படிப்பட்டவரிடம் போய்க் கனம் என்று சொல்லச் சொன்னால்?

"படத்துல நீயேதான்டா பாயறே," என்பார் வினய்யிடம்.

"கனமா இருக்கக்கூடும்னாவது சொல்லேன் அக்கா! வாய்க்காலுக்கு மட்டும் சொல்றே?"

நானாக இருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அது நல்ல மனசா, சோம்பலா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு சங்கராந்திக்கும் நிஜமாகவே சொல்லத்தான் போகிறார். போன தடவை எல்லா மாடியிலும் பண்டிகைக் காற்றாடி விடும் ஆட்கள். வினய் கைதட்டிக் கூட்டத்தை அடக்கினான். அக்கா அவன் மாடிக்கு ஏறினார், தொண்டையைக் கனைத்தார், ஒருமுறை சுற்றிலும் குனிந்து பார்த்தார்.

"வினய், உங்க தண்ணித் தொட்டி ஒரு பக்கமா சாயுதுடா," என்றார். பிறகு இறங்கி வந்துவிட்டார்.