பழக்கத்தில் தட்டிய கை

நான் திண்டுக்கல் பக்கம் சோளம் போடும் விவசாயி. இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த என் மனைவி மறுபடி முழுகாமல் இருந்தாள். அவளுக்காக நேர்ந்துகொண்டு தனியாக வேளாங்கண்ணிக்குப் போனேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடற்கரையையும் கால்வாயையும் பார்க்கும் ஆசையில் ஒரு படகில் ஏறினேன்.

வழியில் ஒரு மணல் திட்டு முழுக்க வெள்ளைப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. சோளக்காட்டுக் காவல் பழக்கத்தில் என்னையறியாமல் கையைத் தட்டி, "ஓய்!" என்று கத்திவிட்டேன். அத்தனையும் எழுந்து பறந்தன. உடனே காக்கைகள் திட்டில் இறங்கின.

"யோவ், எல்லாம் அடைகாக்குதுய்யா!" என்று படகுக்காரர் அலறினார்.

"கதிரைத் திங்கிற குருவிய வெரட்டுற பழக்கம்ண்ணே..."

"கடலோரத்துல உனக்கு எங்கய்யா சோளம் வெளஞ்சிருக்கு?"

அவர் துடுப்பை வீசிக் காக்கைகளை விரட்டினார். பறவைகள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று, காக்கை கொத்தி உடைத்த முட்டை ஓட்டின் மேலேயே மறுபடி உட்கார்ந்தது. வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த என் மனைவி நினைவுக்கு வந்தாள். கூசிப்போய்த் தலை குனிந்துகொண்டேன். பிள்ளை வரம் கேட்ட வாய்தானே கத்தியது!

மாதா எங்களுக்கு ஒரு மகளைக் கொடுத்தாள். இப்போதெல்லாம் குருவி விரட்டும் முன் பயிருக்குள் குனிந்து கூடு தேடுகிறேன். கூடு இருக்கும் பக்கம் கை தட்டுவதில்லை. அந்தக் கதிர்கள் அவற்றுக்கே.