ஒரு பாட்டுக்கு ஒரு பென் டிரைவ்

என் அக்காவின் கணவர் நீதிமன்றத்தில் நகல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நகல் எடுப்பார், முத்திரை குத்துவார், கையெழுத்துப் போடுவார். வீட்டில் மட்டும் ஒரு பாட்டை நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள் பார்ப்போம், முகம் சுண்டிவிடும்.

“காசு குடுத்து வாங்கின புத்தகத்தப் படிச்சிட்டு விக்கலாம், மாப்பிள்ள. இசைத்தட்டையும் விக்கலாம். ஆனா நெட்ல இறக்கின பாட்ட இன்னொருத்தருக்கு அனுப்பினா அது நகல். நகல் எடுத்தா குத்தம்.”

“ரெண்டுக்கும் காசு ஒண்ணுதானே, அத்தான்?”

“நான் நியாயத்தப் பேசல. சட்டத்தப் பேசறேன்.”

இதற்கு அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பாட்டை வாங்கும்போதே நேராகப் புது பென் டிரைவ் ஒன்றில் இறக்குவார். ஒரு பாட்டுக்கு ஒரு பென் டிரைவ். பின்னால் விற்கத் தோன்றினால் அதையே தூக்கிக் கொடுத்துவிடலாமாம், நகல் என்ற பேச்சே வராதாம். இப்படி இருநூற்றுப் பதினேழு சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். இன்றுவரை ஒரு ஈ காக்கை வந்து விலை கேட்டதில்லை.

அவர் மகள் பாடகி. ஒரே ஒரு பாட்டு வெளிவந்தது. எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்ட கம்பெனி, அடுத்த வருடமே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அதன்பிறகு அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்ததே பெரிய விஷயம், பழைய குரல் போய்விட்டது. அவளிடம் இருந்த பதிவும் லேப்டாப்போடு சேர்ந்து போய்ச் சேர்ந்தது. மிச்சம் இருந்தது, அத்தான் அந்தப் பாட்டை வாங்கி இறக்கி வைத்திருந்த பென் டிரைவ் ஒன்றுதான்.

வெளியூரிலிருந்து போன் செய்தாள். கரகரத்த குரலில், “அப்பா, அந்தப் பாட்ட அனுப்புங்களேன். ஒரு தடவ கேக்கணும்,” என்றாள்.

“அனுப்பினா நகலாயிடும்மா. நேர்ல கொண்டு வரேன், நீயே வெச்சுக்க.”

பக்கத்தில் நின்ற அக்கா, “அப்ப நமக்கு?” என்றாள்.

“நமக்கு இல்ல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் துணைக்குப் போனேன்.

மகள் பென் டிரைவைப் புது லேப்டாப்பில் செருகினாள். பாட்டு ஓடி முடியும்வரை அசையவே இல்லை. பிறகு, “உங்களுக்கு ஒரு காப்பி போட்டுத் தரேன்ப்பா,” என்றாள்.

“உனக்கு அந்த உரிமை இல்லம்மா.”

“என் குரல்ப்பா அது.”

“கம்பெனியோடது.”

அவள் முகம் கழுவ எழுந்துபோனாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து பிரிக்காத பென் டிரைவ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

“மாப்பிள்ள, இதுல எப்படி நகல் எடுக்கறது?”

சொல்லிக்கொடுத்தேன். முழுதாக நாலு நொடிகூட ஆகவில்லை. அதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் எங்களிடம் வந்து மணி என்ன என்று கேட்டார். அத்தான் இரண்டு கையாலும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

“என் பொண்ணு பாட்டு சார்,” என்றார். “தர மாட்டேன்.”